மாப்பிள்ளையிடம் சொன்னது

ஜனவரி 3

தாராபுரம் உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிப் படம். இன்றைக்குத் தண்டுத் துளைப்பான். பரவாயில்லை. ஊர்வம்பைக் கேட்க ஆளில்லாதவன் எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும், தண்டுத் துளைப்பானாவது கேட்கட்டும்.

பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்து நாலு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்த வயதுக்கு வந்ததே ஒரு காமெடி. பட்டிமன்ற மேடையில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று அழைப்பார்கள். இப்போது உத்தியோகம் 'நேச்சர் கைடு'.

இடம் ஒரு கொறங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த புல்வெளி. சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே ஒரு வெள்வேல மரம், மற்றபடி கண்ணுக்கெட்டிய வரை கொழுக்கட்டைப் புல். எங்கள் பக்கத்தில் இதில் மாடு மேயும், அதோடு சரி. முதலாளியம்மா வருணிகா கனடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அப்பா விட்டுப்போன காட்டில் நின்று பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "அங்கிள், இது ப்ரெய்ரி! அங்க இதைப் பாக்கறதுக்கு டிக்கெட் வாங்குவாங்க" என்றாள். புல்வெளிக்கு அங்கே அப்படிப் பெயராம். 'வெள்வேல் ப்ரெய்ரி ராஞ்ச்' என்று ரோட்டோரம் போர்டு வைத்தாள். முதல் வாரமே ஊர்க்காரர்கள் டிபன் கேரியரோடு வந்து நின்றார்கள். ப்ரெய்ரியைப் பிரியாணி என்று படித்திருக்கிறார்கள். குதிரைக்காரன் மஸ்தான் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தான். இப்போதெல்லாம் "இன்னைக்குத் தீந்துபோச்சுங்க" என்று அனுப்பிவிடுகிறான்.

குதிரை இரண்டு. ஆண் குதிரைக்கு வருணிகா வைத்த பெயர் டகோட்டா. எங்கள் வாயில் டகால்டி. பெண் குதிரைக்கு மேப்பிள். அது மாப்பிள்ளை ஆகிவிட்டது. மாப்பிள்ளை என்று கூப்பிட்டபின் 'வா, போ' என்று சொல்ல வாய் வரவில்லை. "வாங்க மாப்ள, பாத்து வாங்க" என்று கயிற்றைப் பிடித்து நடக்கிறேன். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் யாரோ சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்துத் துண்டை இறக்கிக்கொள்கிறார்கள்.

எனக்குக் குதிரை என்றால் பயம். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளித்தான் நடப்பேன். தலைக்கு வருணிகா கொடுத்த கௌபாய் தொப்பி. ஜீன்ஸும் கொடுத்தாள், மாட்டேன் என்றுவிட்டேன். ஆக மேலே டெக்ஸாஸ், இடுப்புக்குக் கீழே தாராபுரம்.

"அண்ணி எப்பங்கண்ணா வர்றாங்க?" என்று மஸ்தான் கேட்டான்.

"தை பொறந்ததும் வந்துருவா."

ஜனவரி 6

கோயமுத்தூர் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய. நம் சுற்றுலா இப்படிப் போகும்: கதவருகே தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு. புல்லைக் காட்டி "இதும்பேரு கொழுக்கட்டைப் புல்லு, விநாயகர் பாத்தா ஏமாந்து போவாரு." ஆள்காட்டிக் குருவி கத்தினால் "எங்க ஊரு நிருபரு. யாரு எங்க போனாலும் ஊரக் கூட்டிச் சொல்லிப் போடும். தொழில்ல எனக்குப் போட்டி." வெள்வேல மர நிழலுக்கு வந்ததும் சம்சார ஜோக்குகள். அங்கேதான் நம் பிழைப்பு.

ஸ்கூட்டர் ஜோக் இன்றைக்கும் அடித்துத் தூக்கியது. என் சம்சாரம் நாற்பத்தைந்து வயதில் ஸ்கூட்டர் பழகினாள். நான் பின்னால் ஓடிக்கொண்டே "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி" என்கிறேன். அவள் சாமியைப் பிடித்துக்கொண்டாள். நேராக வாய்க்கால். பதறிப்போய் எட்டிப் பார்க்கிறேன், இடுப்பளவு தண்ணீரில் வண்டி மேலேயே உட்கார்ந்து இன்டிகேட்டர் போட்டிருக்கிறாள்! "அடியே, எந்தப் பக்கம்டி திரும்பப் போற?"

ஒரு பையன் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண் செல்போனில் படம் பிடித்தாள்.

இதை முதலில் சொன்னது எங்கள் ஊர்க் கோயில் நோம்பிப் பட்டிமன்றத்தில். என் சம்சாரம் தெய்வானை இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் தோளை உலுக்கி உலுக்கிச் சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள். மேடை விளக்கில் முகம் தெரியவில்லை. அப்புறம் அந்த ஸ்கூட்டரை அவள் தொடவில்லை, தொழுவத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பெண்களுக்கு ஒரு மோகம் வந்தால் வரும், போனால் போகும்.

ஜனவரி 11

டகால்டி என் துண்டைத் தின்றுவிட்டது. பாதிதான். மீதியைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

ஜனவரி 15

பொங்கல். ராஞ்ச்சுக்கு லீவு. ஊருக்கு வந்தேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணே என் வீட்டுக்கும் சேர்த்துக் கோலம் போட்டிருந்தது. பொங்கல் வைக்கவில்லை, பால் திரிந்துவிட்டது. உப்புமா கிண்டினேன். சூரியன் கோபித்துக்கொள்ளவில்லை, வழக்கம்போல் மேற்கே போனார்.

போன மாதம் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டேன். எனக்குத்தான். முட்டி அப்படியொன்றும் வலிக்கவில்லை, ஆனால் வலிக்கும் வயது. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்திருக்கிறது. கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டான் மேஸ்திரி, என் உயரத்துக்குத் தோதாக இல்லை. நான்தான் அந்த அளவு சொன்னேன் என்கிறான்.

மகன் கிருபா கூப்பிட்டான். தெய்வானை அவனோடு கோயமுத்தூரில், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கென்று போனவள். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் என்றால் பேச்சு நிற்காது, விலாசம்தான் மாறும். அவள் மாட்டைப் பார்த்து "சோறு ஆறுது, திங்கறவங்க வந்து தின்னாத் தேவல" என்பாள். நானும் மாட்டிடமே "பசிக்குல" என்பேன். சாடைப் பேச்சு. கடைசியில் எங்கள் குடும்ப விவகாரம் அத்தனையும் அந்த மாட்டுக்குத் தெரியும். அதை விற்றபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இப்போது மாட்டின் இடத்தில் கிருபா.

போனில் பின்னால் அவள் குரல் கேட்டது. "ஊர்ல பனி எச்சா இருக்குதான்னு கேளு."

"அப்பா, பனி எச்சாவாமா?"

"போத்திட்டுத்தான் படுக்கறன்னு சொல்லு."

"அம்மா, போத்திட்டுத்தான் படுக்கறாராமா." அப்புறம் சலித்துக்கொண்டான். "அட, ரெண்டு பேரும் நேராத்தான் பேசுங்களேன். நான் என்ன போஸ்ட்மேனா?"

சிரித்தேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

ராஞ்ச் வேலை கிருபாவுக்குத் தெரியாது. தோட்டம், தண்ணீர் என்று ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன். அப்பன் தொப்பி போட்டுக் குதிரைக்குக் கயிறு பிடிக்கிறான் என்று தெரிந்தால் அவன் ஆபீசில் தலை குனிவான்.

ஜனவரி 24

"தை பொறந்து இத்தன நாளாச்சுங்கண்ணா. அண்ணி?"

"தை முடியட்டும்."

மஸ்தான் நல்லவன்தான். வாய்தான் அந்தியூர்ச் சந்தை. அவன் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறாள் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "என்னடி இப்ப?" என்று எரிந்து விழுகிறான். கூப்பிடாவிட்டால் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறான்.

புல் மேலே பழுத்து, அடியில் மட்டும் பச்சை. காற்று வந்தால் காடு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். வாலை ஆட்டியது, ஈக்குத்தான்.

பிப்ரவரி 2

வருணிகா சந்தோஷமாக வந்தாள். "அங்கிள், வர்ற ஞாயிறு லேடீஸ் குரூப். கோயமுத்தூர்ல ஸ்ரீவைகுந்த் என்க்ளேவ்னு ஒரு அபார்ட்மெண்ட், அங்கருந்து. உங்க வீடியோ பாத்துட்டுப் புக் பண்ணிருக்காங்க."

"எந்த வீடியோங்?"

"அந்த ஐ.டி. பொண்ணு போட்டுதே, ஸ்கூட்டர் ஜோக்! செம ஹிட்டு."

ஸ்ரீவைகுந்த் என்க்ளேவ். மூன்றாவது மாடி. லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது கைப் பக்கம். இரண்டு தடவை போயிருக்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் எத்தனையோ பெண்கள். அவள் வருவாள் என்று என்ன? அவளுக்கு வேன் ஏறினால் வாந்தி வரும்.

பிப்ரவரி 5

ஞாயிற்றுக்கிழமைக்குக் காய்ச்சல் வரவழைக்கலாமா என்று யோசித்தேன். காய்ச்சலை எல்லாம் நம்பிக் கூப்பிட முடியாது.

ஒருவேளை வந்தால்? சம்சார ஜோக்குகளை எடுத்துவிட்டு ஒரு சுற்று ஒத்திகை பார்த்தேன். கதவருகே கும்பிடு. கொழுக்கட்டை. குருவி. அப்புறம் வெள்வேல மரம் வரை பேச ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் மேடை மேடையாக நான் பேசியது அத்தனையும் அவளைத்தான் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. அவளைக் கழித்தால் என்னிடம் மிச்சம் ஒரு கும்பிடும் ஒரு குருவியும்.

மஸ்தான் தூரத்தில் நின்று கவனித்தான். "என்னங்கண்ணா, தனியா நின்னு வாயசைக்கறீங்க? ஏதாச்சும் மந்திரமா?"

"ஆமாப்பா. ஆள மறைக்கற மந்திரம். பலிக்கறதில்ல."

பிப்ரவரி 8

வந்தாள்.

வேனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். பத்தாவது அவள். சுடிதார் போட்டிருந்தாள். தெய்வானையும் சுடிதாரும்! காலில் கான்வாஸ் ஷூ. வாந்தி எடுத்த முகமாகத் தெரியவில்லை. கொஞ்சம் இளைத்து, நிமிர்ந்து, யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், பாதித் துண்டைப் பார்த்தாள். மற்றவர்களோடு சேர்ந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். கல்யாண மேடைக்கு அப்புறம் நாங்கள் ஒருவரை ஒருவர் கும்பிட்டது இன்றைக்குத்தான்.

புருஷன் பெண்டாட்டி என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கூட்டத்துக்குத் தலைவி கமலவேணி என்று ஓர் அம்மாள். வாய் ஓயாது, எனக்கு ஜோடியாகப் பட்டிமன்றத்தில் போடலாம். நடந்துகொண்டே என்னிடம் எல்லார் வரலாறும் சொன்னது. யாருக்குச் சர்க்கரை, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம். அப்புறம் தெய்வானையைக் காட்டியது.

"இவங்க தெய்வாக்கா. இங்க வரலாம்னு சொன்னதே இவங்கதானுங்க. வீடியோவ நாந்தான் காட்டுனேன். பாத்துட்டு மறுக்கா ஒருக்கா போடச் சொன்னாங்க. அப்பறம் 'ஒருக்கா போயி வரலாமா'ன்னாங்க. இவங்க வீட்டுக்காரரும் உங்களாட்டப் பெரிய பேச்சாளருங்ண்ணா! சிங்கப்பூரு, மலேசியான்னு எந்நேரமும் புரோகிராமாமா. அதான் கோயமுத்தூருக்கு வந்து நிக்கறதுக்குக்கூட நேரமில்ல, பாவம்."

"பேரு என்னங்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"அட, அவங்கதான் புருசன் பேரச் சொல்லமாட்டேங்கறாங்களே!" என்று சிரித்தது.

தெய்வானை குனிந்து ஒரு புல் கதிரைப் பறித்தாள். நான் சிங்கப்பூரிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்வேல மர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். "ஸ்கூட்டர் ஜோக்! ஸ்கூட்டர் ஜோக்!" என்று கைதட்டினார்கள். காய்ச்சல் அப்போது வந்திருக்கலாம், வரவில்லை. ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தைந்து வயது. ஸ்கூட்டர். பின்னால் ஓடுவது. பிரேக். வாய்க்கால் வந்ததும் நாக்கு திரும்பிக்கொண்டது.

"நேரா வாய்க்கால்ல வுழுந்தது யாருங்கறீங்க? நான்! ஓடுன வேகத்துல நிக்க முடியாம நான் போயி வுழுந்துட்டேன். அவ வண்டிய நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, எட்டிப் பாத்து, 'ஏனுங், அங்க என்ன பண்றீங்க'ன்னா!"

சிரித்தார்கள். வீடியோவில் இருப்பதுபோல் இல்லையே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். தெய்வானை சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதிரை ஏறும் நேரம் வந்ததும் ஒன்பது பேருக்கு முட்டி வலி. கமலவேணிக்கு மட்டும் இடுப்பு வலி. தெய்வானை எழுந்து வந்து சேணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஸ்தான் ஸ்டூல் போட்டான், ஹெல்மெட் மாட்டிவிட்டான். ஏறி உட்கார்ந்துவிட்டாள். கயிறு என் கையில். வழக்கம்போல் "வாங்க மாப்ள" என்றேன். நடந்தோம். கூட்டத்தின் சத்தம் பின்னால் தேய்ந்துபோனது. இவ்வளவு பெரிய காட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு குதிரையும்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குதிரையின் கழுத்தைத் தடவினாள். "மாப்ள எளச்சுப் போச்சாட்ட இருக்குது."

மாப்பிள்ளைக்கு வயிறு பத்தாயம் மாதிரி இருக்கும். நான் குதிரையிடம் சொன்னேன். "மாப்ளைக்கு நேரத்துக்குச் சோறு கெடைக்குது. கொறையொண்ணுமில்ல."

"ஊருக்குள்ள வேட்டிய மடிச்சுக் கட்டாத ஆளு. இங்க கயித்தப் புடிச்சிட்டு நடக்குது. கிருபாவுக்குத் தெரிஞ்சா வெசனப்படுவான்."

"மாப்ள சொல்லப் போறதில்ல. தெரிஞ்சவங்க சொல்லாம இருந்தாச் செரி."

மாப்பிள்ளை ஒரு வாய் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நடந்தது.

"வாய்க்கால்ல வுழுந்தது மாப்ளைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

மாப்பிள்ளை காதை மடக்கியது.

"ஸ்கூட்டர நான் வுட்டது வுழுந்ததுக்காக இல்ல மாப்ள. வுழுந்தா எந்திரிச்சு மறுக்கா ஓட்டிக்கலாம். சந்தைக்குப் போனா 'இண்டிகேட்டரு வருது'ன்னு சின்னப் பசங்ககூடச் சொல்றானுங்க. அதுக்கப்பறம் எப்படி ஓட்டறது?"

கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

காற்று வந்தது. எங்களைச் சுற்றிப் புல் முழுக்கச் சாய்ந்தது. சாய்ந்து எழுந்தபின் அவள் சொன்னாள். "கயித்த வுட்டுரச் சொல்லு மாப்ள."

"பயமா இருக்குதுன்னு சொல்லுங்க மாப்ள."

"ஆருக்கு?"

கயிற்றை வீசி அவளிடம் கொடுத்தேன். தூரத்திலிருந்து மஸ்தான் கத்தினான். "ஏனுங்கண்ணா! உட்ராதீங்க! இன்சூரன்ஸ் பேப்பர்ல இன்னும் கையெழுத்துப் போடுலீங்க!"

அவள் குதிகாலால் லேசாகத் தட்டினாள். மாப்பிள்ளை ஒன்றும் பறக்கவில்லை. அது கிழடு, கோயில் தேர் மாதிரித்தான் நகரும். ஆனாலும் போனாள். தூரத்து வெள்வேல மரத்தைச் சுற்றி, தடுமாறாமல், முதுகு நிமிர்ந்தபடி திரும்பினாள். அந்த நேரத்தில் எனக்கு ஐந்தாறு ஜோக்குகள் வந்தன. தேர், வடம், நாட்டாமை என்று ஒவ்வொன்றும் முத்து. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். "அண்ணா, தெய்வாக்கா குதிரை ஓட்டுனத வெச்சு ஒரு ஜோக் எடுத்து விடுங்க!" என்றது கமலவேணி.

"இவங்க நல்லா ஓட்டுனாங்க" என்றேன்.

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

"என்னண்ணா, சப்புனு முடிச்சிட்டீங்க!"

தெய்வானை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மஸ்தானிடம் கொடுத்தாள். வேனில் ஏறப் போகும்போது குதிரையிடம் திரும்பி வந்து அதன் நெற்றியில் கை வைத்தாள். "பதனமா இருக்கச் சொல்லு மாப்ள." போய்விட்டாள்.

மஸ்தான் சொன்னான். "அந்தம்மா நல்ல மாதிரிங்கண்ணா. குதிரைகிட்ட எப்படிப் பேசுது பாருங்க."

பிப்ரவரி 9

லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஒட்டடை அடித்தேன். ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடித்து வைத்தேன்.

பிப்ரவரி 12

தை இன்றோடு முடிகிறது. மஸ்தான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 14

காதலர் தினமாம். ஜோடி ஜோடியாக வந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு குதிரைச் சாணியை மிதித்தார்கள்.

வெள்வேல மரத்தடியில் வழக்கம்போல் "என் சம்சாரம் இருக்கறாளே..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். காற்றுச் சத்தம், புல் சத்தம், எங்கேயோ ஒரு கௌதாரி. ஒருவரும் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் "வாங்க, குதிரைக்குப் போலாம்" என்று எழுந்துவிட்டேன். மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய வருணிகா குதித்துக்கொண்டு வந்தாள். "அங்கிள்! ஃபைவ் ஸ்டார்! 'கைடு எங்களை அமைதியா உக்கார வெச்சுப் புல்வெளியைக் கேக்க வெச்சார், வாழ்க்கையில மறக்க முடியாது'ன்னு எழுதிருக்காங்க. இனிமே தினமும் இதைப் பண்ணிருங்க!"

நகைச்சுவைத் தென்றல் வாயை மூடினால் ஐந்து நட்சத்திரம். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

பிப்ரவரி 20

இன்று அவள் நம்பருக்குக் கூப்பிட்டேன். கிருபா எப்போதோ என் போனில் 'அம்மா' என்று போட்டுக் கொடுத்தது. அவளுக்கென்று போன் வந்த நாளிலிருந்து நான் அந்த நம்பரை அழுத்தியதில்லை. கட்டுத்தரைக்குப் போய், மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு அழுத்தினேன். கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டால் இதனிடம் பேசுவதுபோல் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு. மணி அடிக்க ஆரம்பித்ததும் குதிரை திரும்பி நடந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. தனியாக நின்றேன்.

எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

"ம்."

பின்னால் டி.வி. ஓடியது. கிருபாவைக் கூப்பிடுவாள், போனை அவன் கையில் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. டி.வி. சத்தம் நின்றது.

ஆரம்பிக்க ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். நல்ல ஜோக்தான்.

"தெய்வானை, வீட்டுக்கு வந்துரு. என்னால தனியா இருக்க முடியில."

சொல்லிவிட்டேன். எழுதிப் பார்த்தால் ஒரே வரிதான். வாயிலிருந்து வந்தபோது பெரிய கல்லைப் புரட்டியது போல் மூச்சு வாங்கியது.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

"நான் வரலீங்க" என்றாள்.

என்னிடம்தான் சொன்னாள். மாட்டிடம் இல்லை, கிருபாவிடம் இல்லை, குதிரையிடம் இல்லை. எத்தனையோ நாளாக எனக்கென்று வராத ஒரு 'ங்க' வந்து காதில் விழுந்தது. அதில் கொஞ்ச நேரம் அவள் என்ன சொன்னாள் என்பதே உறைக்கவில்லை.

அவளே பேசினாள். "கோவத்துல சொல்றன்னு நெனச்சுக்காதீங்க. கோவமெல்லாம் போயி வெகு நாளாச்சு. கோவமா இருந்தா வந்திருப்பனோ என்னவோ. இங்க எனக்கு நல்லாருக்குதுங்க. வெடியால ஆறு மணிக்கு எல்லாரும் ஒட்டுக்கா நடக்கப் போறோம். கமலவேணிகிட்டக் கார் ஓட்டப் பழகறேன். போன வாரம் கேட்டுச் செவுத்துல இடிச்சுப் போட்டேன். ஆரும் ஒண்ணுஞ் சொல்லுல. 'போச்சாது, இன்னொருக்கா ஓட்டுங்க தெய்வாக்கா'ன்னாங்க."

கார், சுவர், தெய்வானை. எவ்வளவு பெரிய ஜோக் அது! நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அடி ஏதாச்சும் பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. முன்னால லைட்டுதான் போச்சு."

"செரி."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க வேணா ஒருக்கா இங்க வாங்க" என்றாள். "ஒறம்பரையாட்ட."

ஒறம்பரை. வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, நலம் விசாரித்து, தின்பண்டப் பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போகிற சொந்தக்காரர்கள். கட்டின பெண்டாட்டி வீட்டுக்கு நான் ஒறம்பரை. இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"ரெண்டு நாளைக்கு இருங்க. காயி எதாச்சும் வாங்கிட்டு வந்தீங்கன்னா முருங்கை மட்டும் வேண்டாம், இங்க ஆரும் திங்கறதில்ல." நிறுத்தி, "அந்தத் தொப்பிய மாட்டிட்டு வந்துராதீங்க" என்றாள்.

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. போனில் முகம் எங்கே தெரிகிறது.

வைத்தபின் கட்டுத்தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டை நினைத்தேன். ஒட்டடை அடித்த சுவர், கம்பி, தொழுவம். இனி அதை எல்லாம் நான்தான் புழங்கவேண்டும். மாசிப் பனி இறங்க ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 21

வருணிகாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். கொடுத்தாள். "யாரு அங்கிள் அமைதியா உக்காருவாங்க?" என்று மட்டும் கவலைப்பட்டாள்.

சந்தையில் கத்திரிக்காயும் அவரையும் வாங்கினேன். பேத்திக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. கடலை மிட்டாய் வாங்கினேன். புதுத் துண்டு ஒன்று.

பை கட்டும்போது மஸ்தான் வந்து நின்றான். முகமெல்லாம் பல். "அண்ணியக் கூட்டிட்டு வரப் போறீங்களாண்ணா?"

ஆமாம் என்று வாய் வரை வந்தது. மாசி முடியட்டும், பங்குனி பிறக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

"இல்ல மஸ்தானு. பாத்துட்டு வரப் போறேன்."

அவன் தலையாட்டினான். அப்புறம் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு ரோடு வரை கூடவே வந்தான். பஸ் வரும் வரை அவன் மனைவி ஒரு தடவைதான் கூப்பிட்டாள். "சொல்லுடி" என்றான்.